படகில் ஒரே அடுப்பு: சமையலுக்கும் குளிருக்கும்

எங்கள் சிறிய பாய்மரப் படகில் இருப்பது டீசல் அடுப்பு. மேலே கண்ணாடித் தட்டு. சமையல் முடிந்ததும் மூடியை இறக்கினால், மூடியில் உள்ள மின்விசிறி அறைக்காற்றைச் சூடான தட்டின் மேல் ஓட்டி வெளியே தள்ளும், அடுப்பே ஹீட்டராகிவிடும். கேஸ் அடுப்பில் பழகியவர்களின் பொறுமையை இது நன்றாகவே சோதிக்கும். சுவிட்சைப் போட்டதும் பற்றிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் கம்பி மின்சாரத்தில் சூடேறிப் பழுக்க வேண்டும், பம்ப் டிக் டிக்கென்று டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்ப வேண்டும், அதன் பிறகுதான் தட்டு சூடேறும். பசி எடுத்த பிறகு போட்டால் வீண் சண்டைதான் வரும்.

அருமை தெரிவது மழை நாளில். எரியத் தேவையான காற்றை வெளியிலிருந்தே இழுத்து, புகையையும் வெளியே அனுப்பிவிடுவதால் சுடருக்கும் அறைக்கும் தொடர்பே இல்லை. முன்பு வைத்திருந்த மண்ணெண்ணெய் அடுப்பு திறந்த சுடர். ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் அதிகமாக நீராவி வரும். அத்தனையும் ஜன்னலில் வழிந்து மெத்தைக்கு அடியில் போய்ச் சேரும். இப்போது மெத்தை காய்ந்திருக்கிறது; எனக்கு அது போதும்.

*

பற்றாமல் போனால் எல்லோரும் முதலில் டீசலைத்தான் திட்டுகிறார்கள். எங்கள் படகிலும் வடிகட்டியை மாற்றினார்கள், குழாயை ஊதினார்கள், பலன் இல்லை. பிறகு ஒரு முதிய மெக்கானிக் வந்து மீட்டரை பேட்டரியில் வைக்காமல் அடுப்பின் முனையிலேயே வைத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். ஆனால் கம்பி பழுக்கும் அந்தச் சில நிமிடங்களில் அடுப்புக்கு வந்து சேர்ந்தது 11-க்கும் கீழே. ஒயர் மெல்லியது, நீளமோ அதிகம், நடுவில் ஓர் இணைப்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. தடித்த ஒயரை நேராக இழுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து முதல் முயற்சியிலேயே பற்றுகிறது. எரியத் தொடங்கிய பிறகு மின்சாரம் அதிகம் கேட்காது. ஆரம்பப் பசிதான் பெரிது.

*

அணைப்பதைப் பற்றி யாரும் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை! சுவிட்சை நிறுத்திய பிறகும், எரியக் காற்றை இழுக்கும் உள் விசிறி சில நிமிடம் ஓடும். உள்ளே இருக்கும் சூட்டையும் மிச்சப் புகையையும் வெளியேற்றத்தான் அந்த ஓட்டம். விருந்தாளி ஒருவர் "இன்னும் சத்தம் வருகிறதே" என்று மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டார். அடுத்த முறை பற்றவைத்தபோது வெள்ளைப் புகையும் நாற்றமும். பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

இரவு முழுவதும் மிகக் குறைந்த சூட்டில் விடுவதும் எனக்குப் பிடிக்காது, கரி படியும். கொஞ்ச நேரமாவது முழு வேகத்தில் எரியவிட்டுத்தான் அணைப்பேன். புகை வெளியே போகிறது என்ற தைரியத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கழற்றிவிடாதீர்கள். குழாய் இணைப்பு தளர்ந்து அந்த நச்சு வாயு அறைக்குள் கசிந்தால், மணம் இல்லாததால் நமக்குத் தெரியாது. கடலில் படகு சாயும்போது புகை வெளியேறும் துளை நீருக்குள் போகும் என்றால் அதற்கு மூடி போடுவது வழக்கம். அந்தத் துளை மூடியிருக்கும்போது யாரும் மறந்து பற்றவைத்துவிடாதிருக்க, அடுப்பு சுவிட்சின் மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறோம்.