பழைய 865 போர்டில் சாட்டா டிவிடி ரைட்டர் போடலாமா?

கேள்வி: இன்டெல் 865 சிப்செட் மதர்போர்டு, விண்டோஸ் எக்ஸ்பி. ஐடிஇ (பழைய அகலப் பட்டை கேபிள்) சிடி டிரைவுக்குப் பதில் சாட்டா (பின்னால் வந்த மெல்லிய கேபிள்) டிவிடி ரைட்டர் மாட்டணும். பவர் சப்ளையில் 4 பின் மோலெக்ஸ் (பழைய வகை பவர் பிளக்) மட்டும்தான் இருக்கு. என்னென்ன வாங்கணும்?

பதில் 1: 865 போர்டில் டிரைவ்களை இணைப்பது ஐசிஎச்5 சிப் என்பதால் 2 சாட்டா போர்ட் இருக்கும், தாராளமா போடலாம். (முந்தைய 845 போர்டில் வரும் ஐசிஎச்4-இல் கிடையாது.) டேட்டா கேபிள் ஒன்று, மோலெக்ஸ்–சாட்டா பவர் கன்வெர்ட்டர் ஒன்று போதும். கன்வெர்ட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே வார்ப்பாக ஊற்றிய மலிவு முனைக்குள் கம்பிகள் ஷார்ட் ஆகிக் கருகும். பின்மூடி கழற்றக்கூடிய வகையா பார்த்து வாங்குங்க.

பதில் 2: டிரைவை இறுக்கும் திருகு எம்3 (3 மி.மீ. மரை). ஹார்ட் டிஸ்க் திருகைத் திணித்தால் மரை போயிடும். பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது நுழையும் செட்டிங்ஸ்) சாட்டாவை என்ஹான்ஸ்டு மோடில் வையுங்க, சாட்டாவும் ஐடிஇயும் தனித்தனியா இயங்கும். இரண்டையும் கலக்கும் கம்பைன்டில் வைத்தால் ஒரு ஐடிஇ சேனல் காணாமல் போகும்.

பதில் 3: டிஸ்க் எழுதும்போது சிஸ்டமே திணறினால் டிவைஸ் மேனேஜரைப் பாருங்க. பிழைகள் சேர்ந்தால் எக்ஸ்பி அந்த டிரைவ் இருக்கும் சேனலை டிஎம்ஏவிலிருந்து (சிபியுவுக்குச் சுமை தராத வேக முறை) பிஐஓவுக்கு (சிபியுவே டேட்டாவை நகர்த்தும் மெதுவான முறை) இறக்கிவிடும். சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகும். அப்புறம், எக்ஸ்பி தானாக சிடி மட்டும்தான் எழுதும். டிவிடிக்குத் தனி சாஃப்ட்வேர் வேணும்.