லேப்டாப்புக்குப் பதில் டேப்லெட் போதுமா?

நண்பர்களே, என் பழைய லேப்டாப் மூச்சு வாங்குகிறது. மறுபடியும் லேப்டாப்பா, இல்லை 11 அங்குல டேப்லெட்டே போதுமா என்று குழப்பம். பிடிஎஃப் படிப்பது, மின்னஞ்சல், வீடியோ அழைப்பு, இவற்றுக்கு டேப்லெட் தாராளம். இடிப்பது எக்ஸெல்தான். மாதக் கணக்குக்கு மேக்ரோ (எக்ஸெல் வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி வைத்திருக்கிறேன். ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலுமே எக்ஸெல் செயலியில் மேக்ரோ ஓடாது. அதற்கு மட்டும் பழையதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது எத்தனை நாள் தாங்குமோ!

அப்புறம், தமிழில் நிறைய எழுதுவேன். டேப்லெட்டில் ப்ளூடூத் கீபோர்டு இணைத்துப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தவர்கள் இருக்கிறீர்களா? மடியில் வைத்து எழுத வருகிறதா, மேசை கட்டாயமா? கீபோர்டு, உறை எல்லாம் சேர்ந்தால் எடை லேப்டாப் அளவுக்கே போய்விடுகிறதா? வாங்கிவிட்டு வருந்தியவர்களும் சொல்லுங்கள்.