லாவோஸ்: பாங்காக் ரயிலில் இறங்கி அன்றே லுவாங் பிரபாங் ரயிலைப் பிடிக்க முடியுமா? அம்மாவுடன் போகிறேன், உதவி தேவை

செங்காந்தள் (ஈரோடு):
டிசம்பர் கடைசியில் அம்மாவும் நானும் லாவோஸ் போகிறோம். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. மெதுவாக நடப்பார், ஆனால் படி ஏறுவதும் பெட்டி தூக்குவதும் முடியாது. தனி வண்டி பேசிச் சுற்றுகிற அளவுக்குப் பணம் இல்லை, அதனால் முழுக்க ரயில், பஸ், படகுதான்.

திட்டம் இதுதான். பாங்காக்கில் இரவு ரயில் ஏறிக் காலை ஒன்பது மணிவாக்கில் வியன்டியான், அன்று முற்பகலிலேயே லுவாங் பிரபாங் ரயில், அங்கிருந்து வடக்கே நோங் கியாவ். திரும்பி வியன்டியான் வந்து அதே இரவு ஸ்லீப்பர் பஸ்ஸில் பக்சே, அப்புறம் டான் டெட் தீவு. கடைசியில் பக்சேயில் இருந்து தாய்லாந்தின் உபோன் ராட்சதானி போய் அங்கே ரயில் பிடித்துப் பாங்காக்.

இரண்டு இடத்தில் நிற்கிறேன். லுவாங் பிரபாங் ரயிலுக்கு எங்கள் தேதியைப் போட்டுத் தேடினால் ஒரு ரயிலும் காட்டவில்லை. இப்போதே முழுப் பணமும் கட்டினால் சீட் உறுதி என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார், கேட்கும் தொகையோ டிக்கெட் விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இன்னொன்று, வரைபடத்தில் வியன்டியான் ஸ்டேஷன் என்று இரண்டு இடம் வருகிறது. பாங்காக் ரயில் வருகிற இடத்திலேயே அடுத்த ரயில் ஏறலாமா?

மேகாங்கரை:
ஏஜென்ட்டுக்கு இப்போது ஒரு பைசா கட்டாதீர்கள். அந்த ரயிலுக்கு விற்பனை புறப்படும் தேதிக்குச் சில நாள் முன்புதான் திறக்கும், நான் போனபோது மூன்று நாள் முன்பு. அதனால்தான் உங்கள் தேதி காலியாக இருக்கிறது, ரயில் இல்லாமல் இல்லை. விற்பனைக்கே வராத சீட்டை யாரும் கையில் வைத்திருக்க முடியாது, அவரும் அன்றைக்கு உட்கார்ந்து முயற்சிதான் செய்வார். அந்த வேலையைத் தங்கப்போகும் விடுதிக்காரரே பாஸ்போர்ட் படத்தை வாங்கிக்கொண்டு சின்னக் கமிஷனுக்குச் செய்து தருவார், இப்போதே எழுதிக் கேட்டு வையுங்கள்.

ஸ்டேஷன் விஷயம் முக்கியம். இரண்டும் வேறு வேறு பாதை. பாங்காக் ரயில் வருவது கம்சவாத் ஸ்டேஷனுக்கு, 2024 ஜூலையில்தான் அங்கே நேரடி ரயில் வரத் தொடங்கியது, அதற்கு முன் எல்லாரும் தாய்லாந்து எல்லை ஊரான நோங் காயில் இறங்கி மாற வேண்டியிருந்தது. லுவாங் பிரபாங் போவது 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ் சீனா ரயில், அதன் ஸ்டேஷன் நகரத்துக்கு வெளியே தனியாக இருக்கிறது. தாய்லாந்துத் தண்டவாளம் மீட்டர் கேஜ், சீனாவுடையது 1,435 மில்லிமீட்டர் அகலம். ஒன்றின் பெட்டி மற்றதில் ஓடவே முடியாது, அதனால் நடுவில் சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். லோகா செயலியில் டாக்ஸி கூப்பிடலாம். அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பினாங்கு முத்து:
முற்பகல் ரயில் வேண்டாம்மா. கம்சவாத்தில் இறங்கியதும் லாவோஸ் குடிநுழைவு வரிசை இருக்கிறது, இரவு ரயில் தாமதமாக வருவதும் சாதாரணம். அங்கிருந்து அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தாலும் பெட்டியை ஸ்கேன் செய்து, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், புறப்படும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பிற்பகல் ரயில் எடுங்கள். வேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் லுவாங் பிரபாங்கில் விட்டுவிடும், முன்பு பஸ்ஸில் மலைச் சாலையில் ஒரு பகல் முழுக்கப் போன தூரம் அது, எனவே காலையிலேயே ஓட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று, அம்மாவின் முழங்காலுக்கு வலி ஸ்பிரே கொண்டுவருவீர்கள் என்றால் அது போய்விடும். அழுத்தத்தில் அடைத்த ஸ்பிரே எதுவானாலும், கொசு ஸ்பிரே, டியோடரன்ட் கூட, சோதனையில் எடுத்துவிடுகிறார்கள். பழம் நறுக்கும் கத்தி, கத்தரிக்கோலும் அப்படித்தான். தைலமாகவோ களிம்பாகவோ கொண்டுவாருங்கள்.

செங்காந்தள்:
ஸ்பிரே பெட்டியில் வைத்தாயிற்று, நல்லவேளை சொன்னீர்கள் அண்ணா, மாற்றிவிடுகிறேன். லுவாங் பிரபாங் ஸ்டேஷனும் ஊருக்கு வெளியே என்கிறார்களே, இருட்டிய பிறகு இறங்கினால் வண்டி கிடைக்குமா? நோங் கியாவுக்கு எப்படிப் போவது?

மேகாங்கரை:
கிடைக்கும். ஒவ்வொரு ரயிலுக்கும் வேன்கள் காத்து நிற்கும், ஆள் கணக்கில் காசு, விடுதி வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள். ஊர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்துவிடுங்கள், கடைசி ஆளாக நின்றால் தனி வண்டி பேச வேண்டியிருக்கும்.

நோங் கியாவ் சுமார் 140 கிலோமீட்டர், ஆனால் மூன்று நான்கு மணி நேரம் ஆகும், சாலை பல இடத்தில் பெயர்ந்து கிடக்கிறது. முன்பு ‘நாம் ஊ’ என்கிற ஆற்றில் படகிலேயே போவார்கள், அணைகள் வந்து அது நின்றுபோயிற்று. வடக்கு பஸ் நிலையத்தில் காலையிலேயே போய் மினிவேன் பிடியுங்கள், ஆள் நிரம்பினால் கிளம்பும். முன் சீட்டை அம்மாவுக்குக் கேளுங்கள், பின்னால் காலை நீட்ட இடமே இருக்காது. சொங்தேவ் வந்தால் ஏற வேண்டாம். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவை நீளமாக இழுத்த மாதிரி, பிக்கப்பின் பின்புறம் எதிரெதிராக இரண்டு பலகை இருக்கும். குறைந்த தூரத்துக்கு அருமையான வண்டி, ஆனால் இந்தச் சாலையில் நான்கு மணி நேரம் முழங்கால் தாங்காது. டிசம்பரில் அங்கே விடிகாலை நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும்.

கரிசல்காடு:
தெற்குப் பகுதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. லுவாங் பிரபாங் ரயிலில் வந்து அதே இரவு பக்சே பஸ் ஏறுவது நேரக் கணக்கில் முடியும். வியன்டியான் தெற்கு பஸ் நிலையத்தில் இருந்து இரவு எட்டு மணியை ஒட்டிக் கிளம்புகிறது, விடிகாலையில் பக்சே. ஆனால் 650 கிலோமீட்டருக்கு மேல். படுக்கை இரண்டு பேருக்கு ஒன்று, நீங்கள் அம்மாவும் மகளும் என்பதால் அது சௌகரியம், தனியாகப் போனால் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் படுப்பார். கீழ்ப் படுக்கை வேண்டும் என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லுங்கள், மேலே ஏறுவதற்கு இருப்பது சின்ன ஏணிதான்.

என் யோசனை வேறு. பகல் பஸ்ஸில் தாக்கேக் வரை வந்து மேகாங் கரையில் ஒரு இரவு தங்கி, மறுநாள் பக்சே போங்கள். ஒரு நாள் கூடுதலாகும், ஆனால் அம்மா தூங்கி எழுந்து வருவார்.

பினாங்கு முத்து:
நான் இரவு பஸ் பக்கம். பகலில் போனால் இரண்டு நாளும் பஸ்ஸிலேயே கழியும், ஒவ்வொரு நிலையத்திலும் பெட்டியை ஏற்றி இறக்க வேண்டும். பாதை பெரும்பாலும் சமவெளி, வடக்கே மாதிரி வளைவு இல்லை. கழிப்பறை மட்டும் கிளம்பும் முன் நிலையத்திலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், பஸ்ஸில் இருப்பதை நம்ப முடியாது.

செங்காந்தள்:
அம்மாவிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். தாக்கேக்கில் தங்கலாம் என்கிறார், இரவில் கால் மரத்துப்போகும் என்று பயம். உபோன் போகும் நாளை ஒன்று தள்ளிவிட்டேன். முதல் நாள் பிற்பகல் ரயில்தான், விடுதிக்கும் எழுதிவிட்டேன். பக்சேயில் இருந்து டான் டெட் எப்படி?

கரிசல்காடு:
பக்சேயில் இருந்து மினிவேனில் நாகசாங் கரை, அங்கிருந்து சின்னப் படகு, சீக்கிரமே கொண்டுபோய் விடும். படகில் இறங்கும்போது கரை சரிவாக இருக்கும், அம்மாவை ஒரு பக்கம் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், பெட்டியைப் படகுக்காரர் எடுத்துக் கொடுப்பார். அம்மாவுக்கு ரயில் பிடிக்கும் என்றால் பக்கத்துத் தீவு டான் கோனுக்குக் கூட்டிப்போங்கள். அருவி இருப்பதால் மேகாங்கில் அந்த இடத்தைக் கப்பல் கடக்க முடியாது, அதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவுகளில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். 2009 வரை லாவோஸில் ரயில் ஓடிய பாதை என்றால் அது ஒன்றுதான். இரண்டு தீவையும் இணைக்கும் பழைய ரயில் பாலத்தில் நடந்தே போகலாம், பழைய எஞ்சினும் அங்கே வைத்திருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வாருங்கள்.