டேகேர் தேர்வு செய்ய உதவுங்களேன்

மகளுக்கு இரண்டரை வயது, நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் டேகேர் தேடிக்கொண்டிருக்கிறேன். பார்த்தவற்றில் ஒன்றில் எழுத்து, எண் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், ஆனால் அத்தனை குழந்தைகளுக்கும் ஒரே ஆயாதான், நாங்கள் போன நேரம் ஒரு குழந்தை மூக்கு ஒழுக அழுதுகொண்டே நின்றது, யாரும் தூக்கவில்லை. இன்னொன்று சின்ன இடம். பாடம் கிடையாது, மணலிலும் தண்ணீரிலும் விளையாட விடுகிறார்கள், அங்கிருப்பவர் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுகிறார். எனக்கு மனசு இதில்தான் நிற்கிறது, இந்த வயதில் எழுத்தைவிட அழுதால் தூக்க ஆள் இருப்பதுதான் முக்கியம். வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

இப்படி விளையாட்டு மட்டும் உள்ள இடத்தில் விட்டவர்கள் சொல்லுங்கள், பிறகு பள்ளியில் சேர்த்தபோது குழந்தை சிரமப்பட்டதா? அப்புறம், பார்த்துக்கொள்பவர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்பதை எப்படி விசாரித்தீர்கள்?