இசைச் சராசரியா, தலைகீழ்ச் சராசரியா?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சராசரிகள் பற்றிய சிறுநூல் ஒன்றைப் பள்ளி மாணவர்களுக்காக மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். கூட்டுச் சராசரி, பெருக்குச் சராசரி, முகடு (அதிக முறை வரும் மதிப்பு) எல்லாவற்றையும் தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ளபடியே வைத்துவிட்டேன். 'ஹார்மானிக் மீன்' ஒன்றுதான் இடிக்கிறது. பாடநூல் 'இசைச் சராசரி' என்கிறது.

நூலில் உள்ள கணக்கு இது. 120 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போய், 40 கி.மீ. வேகத்தில் திரும்புகிறோம். போக 2 மணி, வர 3 மணி. 240 கி.மீ.க்கு 5 மணி என்றால் சராசரி வேகம் 48, ஐம்பது அன்று. மெதுவாக வந்த பாதிக்குக் கூடுதல் நேரம் பிடித்ததால் விடை அந்தப் பக்கம் சாய்கிறது. இதில் இசை எங்கே வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்களே? வேகங்களின் தலைகீழிகளுக்கு (60க்கு 1/60, 40க்கு 1/40) சராசரி கண்டு, அதை மறுபடி கவிழ்ப்பதுதானே செய்முறை? எனவே 'தலைகீழ்ச் சராசரி' எனலாமா? ஒலிபெயர்த்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். கிலோ என்ன விலை என்பார்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

மாற்றாதீர்கள். தேர்வுத்தாளில் 'இசைச் சராசரி' என்றுதான் வரும். 1, 1/2, 1/3 என்று போவதை 'இசைத் தொடர் வரிசை' என்று படித்த பிள்ளைக்கு அதே குடும்பத்துப் பெயர் எளிதில் ஒட்டும்.

உங்கள் 'தலைகீழ்ச் சராசரி'யை விரித்துப் பாருங்கள். பண்புத்தொகை என்றால் தலைகீழான சராசரி. 50ஐக் கவிழ்த்து 1/50 என்று எழுதுவான். ஆறாம் வேற்றுமைத்தொகை என்றால் தலைகீழிகளின் சராசரி, அது 1/48. நமக்கு வேண்டியது 48. எப்படி விரித்தாலும் மதிப்பெண் போய்விடும்.

தனித்தமிழன் எழுதியது:

இசை தமிழ்தான், சரி. 'சராசரி' யாருடைய சொல்? பாரசீகத்தில் 'சராசர்' என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. இன்றைக்கும் மராட்டியர் 'சராசரி' என்றே சொல்கிறார்கள். வாலைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், தலையை யாரும் கேட்கவில்லை. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு மட்டம் செய்வதற்கு உழவன் சொல்லும் சொல் 'நிரவுதல்'. ஐந்து பேர் மதிப்பெண்ணைக் கூட்டி ஐந்தால் வகுப்பதும் அதே வேலைதான். கூட்டு நிரவல், பெருக்கு நிரவல், இசை நிரவல். முடிந்தது.

நரம்புக்கருவி எழுதியது:

> இசை நிரவல்

ஐயா, கச்சேரிக்கு அழைக்கிறீர்களா? பாட்டில் ஒரு வரியை எடுத்து விதவிதமாக விரித்துப் பாடுவதற்கு அந்தப் பெயரை வைத்து வெகுநாளாகிறது. அடுத்து தனி ஆவர்த்தனம் எப்போது என்பார்கள்.

ஆனால் இதில் இசை எங்கே என்று கேட்டதால் சொல்கிறேன். 12 விரல் நீளமுள்ள நரம்பைப் பழந்தமிழ் இசையின் முதல் சுரமான குரல் என்று கொள்ளுங்கள், அதாவது ஆதார சட்ஜம். பாதியில், 6 விரலில், மேல் சட்ஜம். 12, 6 இரண்டுக்கும் கூட்டுச் சராசரி 9. அங்கே பிடித்தால் உழை, இன்றைய சுத்த மத்திமம். இசைச் சராசரி 8. அங்கே பிடித்தால் இளி, பஞ்சமம். குரலுக்கு மிக நெருங்கிய உறவான சுரத்தை எந்தச் சராசரி தருகிறதோ அதற்கு இசையின் பெயர் போனதில் என்ன தவறு? அதிர்வெண்ணில் பார்த்தால் 1க்கும் 2க்கும் நடுவில் 1.5, அதே பஞ்சமம். நீளம் அதிர்வெண்ணின் தலைகீழ் என்பதால் அங்கே கூட்டுச் சராசரியாக இருப்பது இங்கே இசைச் சராசரியாகிறது.

கிரேக்கத்தில் 'ஹார்மோனியா' முதலில் பாட்டே அன்று. பலகையோடு பலகை பொருந்தும் மூட்டு. நம் 'இசைதல்' பொருந்துதல்தான், 'இசைவு' உடன்பாடு. வள்ளுவர் 'ஈதல் இசைபட வாழ்தல்' என்றபோது புகழைச் சொன்னார், ஆனால் அந்தப் புகழும்...

கணக்கு வாத்தியார் எழுதியது:

புகழை அடுத்த மடலில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை அச்சு.

வன்னியூரான் எழுதியது:

இலங்கைப் பிள்ளைகளும் இந்நூலைப் படிப்பார்களா? அப்படியானால் ஒரு குறிப்பு வேண்டும். உங்கள் கூட்டுச் சராசரி எங்களுக்கு இடை. வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் உங்கள் இடைநிலை எங்களுக்கு இடையம். முகடு எங்களுக்கு ஆகாரம்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

'ஆகாரம் காண்க' என்று கரும்பலகையில் எழுதினால் என் வகுப்பு சத்துணவுக் கூடத்துக்கு ஓடிவிடும்.

வன்னியூரான் எழுதியது:

உங்கள் முகட்டைக் கேட்டால் எங்கள் பிள்ளைகள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். சிரிக்காமல் குறிப்பைச் சேருங்கள்.

தரவுக்காரன் எழுதியது:

சிங்கப்பூரில் இயந்திரக் கற்றலில் வேலை. எங்களுக்கு இந்தச் சராசரி தினப்படி. ஒரு மென்பொருள் பிடித்ததெல்லாம் சரி, ஆனால் பிடிக்க வேண்டியதில் பத்தில் ஒன்றைத்தான் பிடித்தது என்று வையுங்கள். முதலாவதுக்கு 1, இரண்டாவதுக்கு 0.1. இவ்விரண்டின் கூட்டுச் சராசரி 0.55 என்று தட்டிக்கொடுக்கும். இசைச் சராசரி 0.18 என்று உண்மையைச் சொல்லும். வேகம், விகிதம் போன்றவற்றுக்குத்தானே இது? 'வீதச் சராசரி' என்றால் யாருக்கும் புரியும்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

புரியும், தவறாகப் புரியும். அதே வண்டி 60இல் ஒரு மணி நேரமும் 40இல் ஒரு மணி நேரமும் ஓடினால் சராசரி வேகம் ஐம்பதுதான். இங்கும் வீதம்தான், ஆனால் கூட்டுச் சராசரி. தொலைவு சமமா, நேரம் சமமா என்பதுதான் கேள்வி. 'வீதச் சராசரி' என்று பெயர் வைத்தால் வேகத்தைக் கண்ட இடமெல்லாம் கவிழ்ப்பார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

நேற்று ஒன்று கண்ணில் பட்டது. கிரேக்கரே இதற்கு முதலில் 'எதிரானது' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருந்தார்களாம். பித்தாகரஸ் வழிவந்த ஆர்க்கிட்டாஸ், ஹிப்பாசஸ் வட்டத்தார் அதை இசைப் பெயராக மாற்றினர் என்று பிற்காலத் தத்துவ அறிஞர் ஐயாம்பிளிக்கஸ் எழுதுகிறார். ஆக, தலைகீழ்க் கட்சி எனக்கு முன்பே தோற்ற கட்சி.

'இசைச் சராசரி' என்றே போகிறேன். நரம்புக் கணக்கை ஒரு பெட்டிச் செய்தியாகவும் இலங்கை வழக்கைப் பின்னிணைப்பாகவும் சேர்க்கிறேன். செய்முறையில் 'தலைகீழிகளின் சராசரியைத் தலைகீழாக்குக' என்று முழு வாக்கியமாகவே வரும். மூவர் ஒப்புதல் தந்தாயிற்று.

தனித்தமிழன் எழுதியது:

மூவர் ஒப்பினால் பாரசீகம் தமிழாகிவிடுமா? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிச் செய்தியிலாவது 'நிரவல்' ஒருமுறை வரட்டும்.

நரம்புக்கருவி எழுதியது:

வரட்டும், பஞ்சமத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். 'இசைபட வாழ்தல்' பற்றித் தனி இழை தொடங்கியிருக்கிறேன்.