விடியற்காலையில் மட்டும் கீச்சிடும் புகை அலாரம்

கேள்வி (ஸ்காபரோவாசி):
ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மூன்று நாட்களாக விடியற்காலை 3 மணியளவில் புகை அலாரம் நிமிடத்துக்கு ஒரு தடவை ‘கீச்’ என்று ஒலிக்கிறது. பகலில் சத்தமே இல்லை. புகையோ கருகிய மணமோ கிடையாது. நேற்று கூடத்து அலாரத்துக்குப் புதிய 9 வோல்ட் பற்றரி போட்டும் இரவு அதே கதைதான். அம்மாவோ கழற்றி அலுமாரிக்குள் வைக்கச் சொல்கிறார். காரணம் என்னவாக இருக்கும்?

பதில் (மின்வேலை):
தீயை அறிவிக்கும் ஒலி வேறு, இது வேறு. புகையை உணர்ந்தால் மூன்று முறை உரக்க ஒலித்து, சற்று நின்று, மறுபடி மூன்று முறை ஒலிக்கும். காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு என்றால் நான்கு முறை. 30 முதல் 60 நொடிக்கு ஒரு தடவை வரும் ஒற்றைக் கீச்சொலி பெரும்பாலும் பற்றரி தீர்ந்து வருவதற்கான அறிகுறி. வீடு குளிரும்போது பற்றரியின் உள்ளே நடக்கும் வேதிவினை மந்தமாகி மின்னழுத்தம் சிறிது தாழ்வதால், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பற்றரி எச்சரிக்கை அளவுக்குக் கீழே போய்விடுகிறது. காலையில் வீடு சூடானதும் மீண்டு வருவதால் பகலில் அமைதியாக இருக்கிறது. ஆகவே, நீங்கள் பற்றரி மாற்றிய அலாரமும் இரவில் ஒலிக்கும் அலாரமும் ஒன்றுதானா என்பதே என் சந்தேகம்.

பதில் (மாடிவீடு):
எனக்கும் அதே சந்தேகம். ஏறக்குறைய 3 கிலோஹேர்ட்ஸ் அளவிலான இந்தக் கூர்மையான ஒலி கணப்பொழுதில் மறைந்து, சுவர்களிலும் பட்டுத் தெறிப்பதால், எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம். நான் ஒரு முறை படுக்கையறை அலாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே கீச்சொலி வேறெங்கோ கேட்டது. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். கழற்றி ஒளித்துவைக்க வேண்டாம். நீங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் (கனடா) அலாரத்தைச் செயலிழக்கச் செய்வது வாடகைக்கு இருப்பவருக்கும் குற்றம், அதைப் பராமரிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

ஸ்காபரோவாசி:
கண்டுபிடித்துவிட்டேன். பின்கதவுக்கு மேலே, குளிர்காற்று நுழையும் இடத்தில், பழுப்பேறிய இன்னொன்று இருந்தது. பின்புற அச்சில் தயாரித்த ஆண்டு 2013. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு சந்தேகம்: கூடத்து அலாரம் மிளகாய் தாளித்தாலே அலறுகிறதே?

பதில் (மின்வேலை):
பின்கதவு அலாரத்துக்குப் பற்றரி மட்டும் மாற்றினால் போதாது. பத்து ஆண்டு கடந்துவிட்டதால் முழுதாகவே மாற்றச் சொல்லுங்கள். கூடத்தில் இருப்பது அயனியாக்க வகையாக இருக்கலாம். அதில் துளியளவு உள்ள அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் காற்றை அயனியாக்கி ஒரு சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். தாளிப்பில் எழும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் அதைக் குறைத்துவிடுவதால் அலறல் தொடங்குகிறது. (அமெரிசியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 432 ஆண்டு, பத்து ஆண்டில் பழுதாவது அதுவல்ல, தூசி படிந்த உணரியும் மின்னணுப் பாகங்களுமே.) ஒளிச்சிதறலால் புகையை உணரும் வகை அடுப்படிப் புகைக்கு இவ்வளவு எளிதில் பதறாது, நீறுபூத்துப் புகையும் தீயை அதுவே முந்தி உணரும். எந்த வகையானாலும் அடுப்பிலிருந்து குறைந்தது 3 மீற்றராவது தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள்.