கட்டிங் லெங்த்துக்கு ‘வெட்டு நீளம்’ என்றே வைப்போம்

வணக்கம்.

வீடு கட்டும்போது எழுதுகிற கம்பிப் பட்டியலில் வரும் ‘கட்டிங் லெங்த்’ (cutting length) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ‘கம்பி நீளம்’ போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார், தம்பி ஒருவர் ‘துண்டளவு’ என்கிறார். இரண்டும் எனக்குச் சரிவரவில்லை. இங்கே திருகோணமலையில் ஒரு மேசனிடம் கம்பி நீளம் எவ்வளவு என்று கேட்டால், ஹாட்வெயார் கடையில் வாங்குகிற 20 அடியைத்தான், அதாவது ஏறக்குறைய 6 மீற்றரைத்தான் சொல்வார். துண்டு என்றால் வெட்டியபின் மிஞ்சிக் கிடப்பது. நமக்கு வேண்டியது வேறு: சிலாப்பில் (கொங்கிறீற்றுத் தட்டில்) போய்ப் படுக்கப்போகிற கம்பியை, வளைப்பதற்கு முன் எவ்வளவு நீளத்துக்கு வெட்டிவைக்க வேண்டும் என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் பிடிவாதமாக நிற்கிறேன் என்று தெரியும். உள்ளளவு 4 மீற்றருக்கு 3 மீற்றர் அறை, சுவர் 225 மில்லிமீற்றர், சிலாப் 125 மில்லிமீற்றர் தடிப்பு, சுவரின் வெளிவிளிம்பு வரை போகிறது என்று வைப்போம். குறுக்கே படுக்கும் பிரதான கம்பி 10 மில்லி. சிலாப்பின் அகலம் 3.45 மீற்றர், இருபக்கமும் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கொங்கிறீற்றின் தடிப்பு, 25 மில்லி வீதம் கழித்தால் 3.40. இரு முனையிலும் மேல்நோக்கி 75 மில்லி வளைக்கிறோம், அப்போது 3.55. 90 பாகை வளைவு ஒவ்வொன்றுக்கும் கம்பி விட்டத்தின் இரு மடங்கைக் கழிப்பது வழக்கம், ஆக 3.51 மீற்றர். இதுதான் வெட்டு நீளம். அறையின் 3 மீற்றரும் இல்லை, கடைக் கம்பியின் 6 மீற்றரும் இல்லை.

நெடுக்கே, கவர் கழித்த 4.40 மீற்றரில், 150 மில்லி இடைவெளியில் 31 கம்பி வரும். மில்லியில் எடுத்த விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் கிடைக்கும், 10 மில்லிக்கு 0.617. வெட்டு நீளத்தின்படி எடை 67 கிலோ. ஆனால் ஒரு 6 மீற்றர் கம்பியில் ஒரு 3.51தான் எடுக்க முடியும், ஆகவே வாங்க வேண்டியது 31 கம்பி, கிட்டத்தட்ட 115 கிலோ. பட்டியலில் இரண்டு நீளத்துக்கும் ஒரே பெயர் இருந்தால் இந்த 48 கிலோ எங்கே போனது என்று வீட்டுக்காரர் மேசனைச் சந்தேகிப்பார், பாவம் அந்த மனிதர்.

மிஞ்சும் 2.49 மீற்றர் துண்டுகள் வீணில்லை. இரண்டைச் சேர்த்துக் கட்டினால் சுமையைப் பகிர்வதற்காக நெடுக்கே போகும் 4.40 மீற்றர் பகிர்வுக் கம்பி ஒன்று கிடைக்கும், லாப், அதாவது இரு துண்டும் சேர்ந்து படுக்கும் நீளம், 580 மில்லி. விட்டத்தின் 40 மடங்கு, அதாவது 400 மில்லி, கேட்டாலும் தாராளமாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் அப்படிக் கட்டினால் லாப் முழுதும் நடுவில் ஒரே வரிசையில் விழும், அது கூடாது, ஒன்றுவிட்டு ஒன்று முழுக் கம்பி போட வேண்டும். (லாப்பை இப்போதைக்கு லாப் என்றே விடுவோம், அதைப் பிறகு தனியாகப் பேசலாம்.)

இன்னொன்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரமாகக் கட்டுபவர்களுக்கு 25 மில்லி கவர் போதாது. உப்புக் காற்று கொங்கிறீற்றுக்குள் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு ஊதி கொங்கிறீற்றையே பிளந்துவிடும். எஞ்சினியர் கவரைக் கூட்டச் சொன்னதும் வெட்டு நீளம் குறையும், கடைக் கம்பி அப்படியே இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

‘வெட்டு’ என்றால் குறுக்குவெட்டோடு குழம்பும் என்று ஒருவர் கேட்டிருந்தார். பின்னால் ‘நீளம்’ வந்தபிறகு எவரும் குழம்பமாட்டார்கள். ‘வெட்டுற நீளம்’ என்று சொன்னால் கம்பி கட்டுகிற பொடியனுக்கும் விளங்கும், எழுத்தில் ‘வெட்டு நீளம்’. பட்டியலின் தலைப்புகளையும் இப்படியே வைக்கலாம்: விட்டம், எண்ணிக்கை, வெட்டு நீளம், மொத்த நீளம், எடை, கடைசியில் வாங்கும் கம்பி. யாருக்காவது மறுப்பு இருந்தால் இதே அறைக்கு உங்கள் சொல்லைப் போட்டு ஒரு பட்டியல் எழுதிக் காட்டுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.